அழகும் மெய்யும்: கீட்ஸின் கிரேக்கத் தாழி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“அழகே உண்மை, உண்மையே அழகு.” ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் 1819இல் எழுதிய ஒரு கவிதையின் முடிவில் இந்த வரி வருகிறது. நாட்காட்டியிலும் வாழ்த்து அட்டையிலும் அச்சிடப்படும் அளவுக்குப் பிரபலமான வரி. விமர்சகர்களோ இன்னும் இதை வைத்து வாதாடுகிறார்கள். ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளும், தமிழில் கவிதை எழுதும் நண்பர்களும் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கவிதையை முன்பு படித்திருக்காவிட்டாலும் பரவாயில்லை, வேண்டியதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

ரொமான்டிக் கவிதை என்றால் காதல் கவிதைதானே?

இல்லை. இது ஒரு காலகட்டத்தின் பெயர். வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் 1798இல் சேர்ந்து ஒரு தொகுப்பை வெளியிட்டதிலிருந்து இங்கிலாந்தில் அதைக் கணக்கிடுவது வழக்கம். அவர்களுக்குச் சற்று முன்பே பிளேக், அடுத்த தலைமுறையில் பைரன், ஷெல்லி, கீட்ஸ். தமிழில் புனைவியல் என்றும் கற்பனாவாதம் என்றும் எழுதுகிறோம். ‘புனைவு’ என்ற சொல்லில் பொய்யின் வாடை கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. அந்தக் கவிஞர்கள் இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். உலகத்தை அறிந்துகொள்ள மனிதனுக்கு வாய்த்த இன்னொரு கண் கற்பனை என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்த வரி எந்தக் கவிதையில் வருகிறது? கவிதையில் என்னதான் நடக்கிறது?

‘ஓட் ஆன் எ கிரேஷியன் அர்ன்’ என்ற கவிதை. கிரேக்கத் தாழியை நோக்கிய பாடல். ஐந்து பத்திகள், பத்திக்குப் பத்து அடிகள், மொத்தம் ஐம்பதே அடி. 1820 ஜூலையில் வந்த கீட்ஸின் மூன்றாவது, கடைசித் தொகுப்பில் இது இடம்பெற்றது.

ஒருவர் ஒரு பழைய பளிங்குத் தாழியைச் சுற்றி வந்து பார்க்கிறார். ஒரு பக்கம் ஓடும் பெண்கள், துரத்தும் ஆண்கள், குழல், பறை. இன்னொரு பக்கம் மரத்தடியில் ஓர் இளைஞன் குழல் ஊதுகிறான். ஒரு காதலன் முத்தமிடக் குனிந்திருக்கிறான், உதடு இன்னும் சேரவில்லை. கல்லில் செதுக்கியது, ஆகவே ஒருநாளும் சேராது. வருந்தாதே, அவளும் ஒருநாளும் வாடமாட்டாள் என்று அவனுக்கு ஆறுதல் சொல்கிறது கவிதை. காதில் விழும் இசை இனிது, விழாத இசை அதைவிட இனிது என்ற புகழ்பெற்ற வரியும் இங்கேதான் வருகிறது. மூன்றாம் பத்தியில் ‘மகிழ்ச்சி’ என்ற சொல் ஆறு முறை வருகிறது. இத்தனை முறை சொல்பவர் உண்மையில் மகிழ்ச்சியாக இருக்கிறாரா என்று நமக்கே சந்தேகம் வரும். வர வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அந்தப் பத்தி கொதிக்கும் நெற்றியிலும் வறண்ட நாக்கிலும் போய் முடிகிறது. அது நிஜ மனிதக் காதலின் மிச்சம். காய்ச்சல்காரரின் உடம்பும் அப்படித்தான் இருக்கும்.

நான்காம் பத்தியில் ஒரு பலி ஊர்வலம், ஐந்தாவதில் நம் வரி. அவற்றுக்குத் தனியாக வருகிறேன்.

‘அர்ன்’ என்பதை ஏன் தாழி என்கிறீர்கள்? ஜாடி என்றால் போதாதா?

ஜாடி என்றால் ஊறுகாய் நினைவுக்கு வந்துவிடும். ஆங்கிலச் சொல்லில் இறந்தவரின் சாம்பல் வைக்கும் கலம் என்ற பொருளும் உண்டு. நமக்கும் தாழி என்றதும் முதுமக்கள் தாழி நினைவுக்கு வருகிறது. கணவனை இழந்த பெண் ஒருத்தி, எனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாகச் செய் என்று குயவனிடம் கேட்கும் புறநானூற்றுப் பாட்டைப் படித்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். அந்தக் கனம் இந்தக் கவிதைக்கு வேண்டும். என்றும் வாடாத இளமையைச் செதுக்கியிருப்பது சாவோடு சம்பந்தப்பட்ட ஒரு பாத்திரத்தின் மேல்.

சரி, அழகாக இருப்பதெல்லாம் உண்மை என்கிறாரா? அழகான பொய்யே கிடையாதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், கேட்கவும் வேண்டும். அழகாகப் பேசி ஏமாற்றுபவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். கீட்ஸும் பார்த்தவர்தான்.

அவர் எதைச் சொல்கிறார் என்பதைக் கவிதையைவிடத் தெளிவாக ஒரு கடிதம் காட்டுகிறது. 1817 நவம்பர் 22 அன்று நண்பர் பெஞ்சமின் பெய்லிக்கு எழுதியது. இதயத்தின் பாசங்கள் புனிதமானவை, கற்பனை உண்மையானது, இந்த இரண்டைத் தவிர வேறெதிலும் எனக்கு நிச்சயம் இல்லை என்கிறார். தொடர்ந்து, கற்பனை எதை அழகென்று பற்றிக்கொள்கிறதோ அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும், ‘அது முன்பே இருந்திருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி’ என்கிறார். இந்தக் கடைசித் துணுக்கில்தான் எல்லாம் இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளோடு ஒத்துப்போவது மட்டுமே உண்மை என்று அவர் எண்ணவில்லை. அதே கடிதத்தில் ஆங்கிலக் கவிஞர் மில்டனின் காவியத்தில் வரும் ஆதாமை உதாரணம் காட்டுகிறார். ஆதாம் கனவு கண்டான், விழித்துப் பார்த்தான், கனவில் கண்டவள் எதிரே நின்றாள்.

அடுத்த மாதமே தம்பிகளுக்கு எழுதிய கடிதத்தில் இன்னொரு பக்கத்தைத் தொடுகிறார். ஒரு கலை எவ்வளவு தீவிரமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதிலுள்ள கசப்பெல்லாம் ஆவியாகிவிடும், ஏனென்றால் அது அழகோடும் உண்மையோடும் நெருங்கிப் போய்விடுகிறது என்கிறார். அதற்கு அவர் தரும் சான்று ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ நாடகம். கண்ணைப் பிடுங்குகிறார்கள், மகளைத் தூக்கிலிடுகிறார்கள், கிழவன் அவள் உடலைச் சுமந்துகொண்டு வருகிறான். ‘அழகு’ என்று கீட்ஸ் சொன்னபோது இதையும் சேர்த்துத்தான் சொன்னார். ஆகவே அவருடைய அழகைப் பூ, நிலா, பட்டாம்பூச்சி என்று சுருக்கிக்கொண்டு கேள்வி கேட்டால் பதிலே கிடைக்காது.

அந்த ‘உண்மை’யைத் தமிழில் எந்தச் சொல்லால் சொல்வது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நம்மிடம் மூன்று சொற்கள் இருக்கின்றன. உள்ளத்தில் இருப்பது உண்மை, வாயில் வருவது வாய்மை, உடம்பால் நடப்பது மெய்ம்மை என்று தமிழாசிரியர்கள் பிரித்துச் சொல்வார்கள். இதில் ‘மெய்’ என்ற சொல்லுக்கு உடம்பு என்றும் பொருள், சத்தியம் என்றும் பொருள்.

கீட்ஸ் 1818 மே மாதம் நண்பர் ரெனால்ட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், தத்துவ விதிகள் நம் நாடித்துடிப்பில் நிரூபிக்கப்படும் வரை விதிகளே ஆகா என்கிறார். மருத்துவம் படித்தவர், நாடி பிடித்துப் பார்த்தவர், அந்தச் சொல்லைச் சும்மா போடவில்லை. தெரிந்துகொள்வது ஒன்று, உடம்பில் ஏறுவது இன்னொன்று. நல்ல கவிதை வரி ஒன்றைப் படிக்கும்போது ‘மெய் சிலிர்த்தது’ என்கிறோமே, அந்த மெய்தான் இது. சிலிர்ப்பது உடம்பு, சிலிர்க்க வைப்பது அதில் உறைத்த ஒன்று. ‘அழகே மெய், மெய்யே அழகு’ என்று மொழிபெயர்த்தால் கீட்ஸுக்கு இன்னும் கிட்டத்தில் போகிறோம் என்பது என் கருத்து.

அழகே உண்மை என்று அவருக்கு முன்பும் சொல்லியிருக்கிறார்கள். உண்மையைத் தவிர வேறெதுவும் அழகில்லை என்றார் பிரெஞ்சுக் கவிஞர் புவாலோ. 1709இல் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு கிட்டத்தட்ட இதே சொற்களில் எழுதினார். அவர்களுக்கு அது அறிவும் அளவும் ஒழுங்கும் சார்ந்த கொள்கை. அதை நாடித்துடிப்புக்குக் கொண்டுவந்தவர் கீட்ஸ்.

நான்காம் பத்தியில் வரும் ஊர் என்ன ஊர்? அது ஏன் முக்கியம்?

முழுக் கவிதையில் நான் அதிக நேரம் நிற்கும் இடம் இது.

தாழியின் அந்தப் பக்கத்தில் ஒரு பூசாரி நடக்கிறார். கூடவே ஒரு கிடாரி, பட்டுப் போன்ற விலாவில் மாலை சுற்றியிருக்கிறார்கள், அது வானத்தைப் பார்த்து ‘ம்மா’ என்கிறது. பின்னால் கூட்டம். பலிபீடம் எங்கோ இருக்கிறது, அது தெரியவில்லை. இவ்வளவுதான் செதுக்கியிருப்பது.

இதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீட்ஸுக்கு ஒரு கேள்வி எழுகிறது. இவர்கள் எல்லோரும் எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? ஆற்றங்கரையா, கடற்கரையா, அமைதியான கோட்டை உள்ள மலையூரா? அவருக்கே தெரியாது, மூன்றையும் சொல்லி வைக்கிறார். தாழியில் அந்த ஊர் இல்லவே இல்லை. ஜனங்கள் காலையிலேயே கிளம்பிவிட்டதால் தெருக்கள் காலி. ஊர்வலம் கல்லில் உறைந்துவிட்டது, ஆகவே அவர்கள் திரும்பப் போவதில்லை. அந்தச் சின்ன ஊரைப் பார்த்து, உன் தெருக்கள் என்றென்றும் ஊமையாகவே கிடக்கும், நீ ஏன் வெறிச்சோடிப் போனாய் என்று சொல்ல ஒரு ஜீவன்கூடத் திரும்பி வராது என்கிறார்.

யாரும் செதுக்காத ஊர், கீட்ஸின் மனத்தில் மட்டும் இருந்த ஊர், அதன் காலித் தெருவுக்காக நமக்குத் தொண்டை அடைக்கிறது. ‘முன்பே இருந்திருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி’ என்று பெய்லிக்கு எழுதினாரே, அதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. வேலை தேடியோ போருக்கு அஞ்சியோ ஜனங்கள் கிளம்பிப் போய்விட்ட ஊர்களைப் பார்த்த எவருக்கும் அந்தத் தெருவைத் தெரியும். முந்தைய பத்தியில் ஆறு முறை மகிழ்ச்சி என்று சொன்னதற்கு விலை இங்கே தெரிகிறது. வாடாத மரத்துக்கு மறுபுறம் யாரும் திரும்பாத வீடு. அழகை நீட்டிக்கொண்டே போனால் இந்த மெய் வந்து முட்டும் என்பதைக் கவிதை செய்து காட்டிவிட்டது. கடைசி வரியைப் படிக்குமுன் இந்தத் தெருவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போங்கள்.

கடைசி இரண்டு அடிகளைப் பேசுவது யார்? தாழியா, கவிஞரா?

முதலில் அடிகளின் பொருள்: “அழகே உண்மை, உண்மையே அழகு, பூமியில் நீங்கள் அறிவது இவ்வளவே, அறிய வேண்டியதும் இவ்வளவே.”

சிக்கல் மேற்கோள் குறியில் இருக்கிறது. 1820 தொகுப்பில் ‘அழகே உண்மை, உண்மையே அழகு’ என்ற பகுதிக்கு மட்டும் மேற்கோள் குறி உண்டு. அதே ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு கலை இதழில் வந்தபோது குறியே இல்லை. நண்பர்கள் எடுத்துவைத்த கைப்பிரதிகளிலும் இல்லை. கீட்ஸ் தன் கையால் எழுதிய பிரதி கிடைக்கவில்லை. ஆகவே முதல் பாதியைத் தாழி சொல்கிறது, மீதியைக் கவிஞர் நம்மிடம் சொல்கிறார் என்று சிலர் படிக்கிறார்கள். கவிஞர் தாழியைப் பார்த்து, உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்கிறார் என்று வேறு சிலர்.

முழுவதையும் தாழியே மனிதர்களிடம் சொல்வதாகப் படிப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அதற்கு முந்தைய அடிகளில், முதுமை எங்கள் தலைமுறையை அழித்த பிறகும், எங்களுடையதல்லாத வேறு துயரங்களின் நடுவே நீ மனிதனுக்கு நண்பனாக இருந்து இதைச் சொல்வாய் என்கிறார் கீட்ஸ். துயரத்தில் இருப்பவரிடம் நண்பன் சொல்லும் சொல் இது. பேசும் நண்பனுக்கு உயிர் இல்லை என்பதையும் அதே பத்தியில் ‘குளிர்ந்த’ என்ற ஒரே சொல்லால் உணர்த்திவிடுகிறார். ஆறுதலும் இருக்கிறது, அதன் எல்லையும் தெரிகிறது.

டி. எஸ். எலியட் இந்த வரியை மோசம் என்றாராமே?

ஆமாம். கவிஞரும் விமர்சகருமான எலியட், 1929இல் இத்தாலியக் கவிஞர் தாந்தேயைப் பற்றிய கட்டுரையில், அழகான ஒரு கவிதையில் இது பெரிய பழுது, ஒன்று எனக்கு இது புரியவில்லை, அல்லது இது உண்மையற்ற கூற்று என்று எழுதினார். அப்புறம் 1940களில் அமெரிக்க விமர்சகர் கிளீந்த் புரூக்ஸ் பதில் சொன்னார். நாடகத்தில் ஒரு பாத்திரம் பேசும் வசனத்தை அந்தப் பாத்திரத்தோடும் சூழலோடும் சேர்த்து எடைபோடுகிறோம், இங்கே பேசும் பாத்திரம் தாழி, அதன் வசனத்தையும் அப்படியே பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். நான் புரூக்ஸ் பக்கம். ஆனாலும் எலியட் எழுப்பிய கேள்வியை மதிக்கிறேன். வரியைப் பிய்த்தெடுத்துச் சுவரில் மாட்டினால் எலியட் சொன்னதுதான் சரி.

கீட்ஸ் கனவிலேயே வாழ்ந்த மனிதர்தானே? அவருக்கு நிஜ உலகம் தெரியுமா?

இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு மனசு வலிக்கும்.

அப்பா குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர், கீட்ஸுக்கு எட்டு வயதாகும்போது குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். பதினான்கு வயதில் அம்மாவைக் காசநோய் கொண்டுபோனது. ஒரு வைத்தியரிடம் தொழில் பழகி, 1815இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் சேர்ந்தார். மயக்க மருந்து கண்டுபிடிக்காத காலம். அறுவைக் கூடத்தில் நோயாளி அலறிக்கொண்டிருக்க, அறுவை மருத்துவருக்குப் பக்கத்தில் நின்று கட்டுப்போடும் வேலை அவருக்கு. 1816இல் தொழில் உரிமம் வாங்கினார், பிறகு கவிதைக்காக விட்டுவிட்டார். 1818 டிசம்பர் 1 அன்று தம்பி டாம் காசநோயில் இறந்தான், வயது 19. கூட இருந்து பணிவிடை செய்தவர் கீட்ஸ். அடுத்த வசந்தத்தில்தான் தாழிப் பாடல் எழுதினார். அந்தக் கொதிக்கும் நெற்றியும் வறண்ட நாக்கும் எங்கிருந்து வந்தன என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை.

1820 பிப்ரவரி 3, இரவு. குளிரில் கோச்சு வண்டியின் மேல்தட்டில் பயணம் செய்து வீட்டுக்கு வருகிறார். படுக்கையில் ஏறும்போது ஓர் இருமல். நண்பர் பிரவுன் கூட இருக்கிறார். துப்பட்டியில் ஒரு சொட்டு ரத்தம். மெழுகுவர்த்தியைக் கொண்டு வா, இதைப் பார்க்க வேண்டும் என்கிறார் கீட்ஸ். கிட்டத்தில் வைத்துப் பார்க்கிறார். இந்த ரத்தத்தின் நிறம் எனக்குத் தெரியும், இது தமனி ரத்தம், இந்த நிறத்தில் நான் ஏமாற முடியாது, இந்தச் சொட்டு என் மரண ஓலை என்கிறார். பின்னர் பிரவுன் எழுதிவைத்த நினைவு இது. ஓராண்டு கழித்து, 1821 பிப்ரவரி 23 அன்று ரோமில் இறந்தார். வயது 25.

விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொல்லி உண்மையைப் பார்த்த மனிதர். அழகே உண்மை என்று எழுதிய கைதான் அந்த மெழுகுவர்த்தியைக் கேட்டது.

அப்படியானால் அறிவியல் உண்மையை ஏன் எதிர்த்தார்? வானவில்லை நியூட்டன் கெடுத்துவிட்டார் என்றாரே?

1817 டிசம்பர் 28 அன்று ஓவியர் ஹேடன் வீட்டில் ஒரு விருந்து. வேர்ட்ஸ்வொர்த்தும் சார்லஸ் லாமும் இருந்தார்கள். வானவில்லைப் பட்டகத்தின் நிறங்களாகக் குறைத்து அதன் கவிதையை நியூட்டன் அழித்துவிட்டார் என்று அங்கே பேச்சு எழுந்தது, கீட்ஸும் ஒத்துக்கொண்டார். அது விருந்துப் பேச்சு. எழுத்தில் வந்தபோது இவ்வளவு எளிதாக இல்லை. 1819இல் எழுதிய ‘லேமியா’வில் ஒரு பாம்பு அழகிய பெண்ணாகி ஓர் இளைஞனை மணக்கிறாள். கல்யாண விருந்தில் தத்துவ ஆசிரியர் அவளை உற்றுப் பார்த்து, பாம்பு என்று சொல்லிவிடுகிறார். அவள் மறைகிறாள், அன்றிரவே அவனும் சாகிறான். அவர் சொன்னது உண்மை. அவனைக் கொன்றதும் அந்த உண்மை. யார் பக்கம் நிற்பது என்று கீட்ஸ் நமக்குச் சொல்லவில்லை. தாழிப் பாடலை எழுதிய சில மாதங்களில் அதற்கு எதிர்க்கேள்வியையும் அவரே எழுதிவிட்டார். அழகும் மெய்யும் பிரிந்தால் இரண்டுமே ஆளைக் கொல்லும் என்பதுதான் அந்தக் கதையில் நான் காண்பது.

மற்ற ரொமான்டிக் கவிஞர்கள் இதைப் பற்றி என்ன நினைத்தார்கள்?

ஒரே குரலில் பேசவில்லை. கவிதையின் இலக்கு உண்மை, அது உணர்ச்சியின் வழியாக உயிரோடு இதயத்துக்குள் போக வேண்டும் என்றார் வேர்ட்ஸ்வொர்த். கவிதையின் உடனடி நோக்கம் இன்பம், உண்மை அதற்குப் பின்னால் வருவது என்றார் கோல்ரிட்ஜ். உண்மையானதையும் அழகானதையும் உணர்ந்து பிடிப்பவனே கவிஞன் என்று ஷெல்லி 1821இல் எழுதினார். நம் பாரதி ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்ட அதே ஷெல்லி. அவருக்கு அழகு எங்கோ மேலே இருந்து நிழல்போல வந்து தொட்டுப் போகும் ஒன்று. கீட்ஸ் அதைக் கீழேயே தேடினார், பழத்தில், சருமத்தில், மாட்டின் குரலில்.

அந்தத் தாழி எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது?

அப்படி ஒரே தாழி இல்லை. பாரிஸ் லூவரில் உள்ள சோசிபியாஸ் தாழியின் அச்சுப்படத்தைக் கீட்ஸ் பிரதியெடுத்து வரைந்திருக்கிறார். 1817இல் ஹேடன் அவரை பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அழைத்துப்போய், அதற்கு முந்தைய ஆண்டு அரசு 35,000 பவுனுக்கு வாங்கிய, கிரேக்கத்திலிருந்து கொண்டுவந்த எல்ஜின் பளிங்குச் சிற்பங்களைக் காட்டினார். அங்கே பலிக்குப் போகும் மாடு ஒன்று தலையைத் தூக்கிக் கத்துகிறது. இப்படிப் பலவற்றைக் கலந்து மனத்தில் வனைந்த தாழி இது.

கீட்ஸை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

தாழியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ‘டு ஆட்டம்’, இலையுதிர்காலத்துக்கு எழுதிய பாட்டு. 1819 செப்டம்பர் 19 அன்று விஞ்செஸ்டரில் ஒரு நடை போய்விட்டு வந்து எழுதினார். அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் வயல் வசந்தத்தின் பச்சையைவிடக் கதகதப்பாகத் தெரிகிறது என்று இரண்டு நாள் கழித்து ரெனால்ட்ஸுக்கு எழுதினார்.

அந்தப் பாட்டில் அழகு என்ற சொல்லும் இல்லை, உண்மை என்ற சொல்லும் இல்லை. வசந்தத்தின் பாட்டெல்லாம் எங்கே என்று ஒரு கேள்வி மட்டும் வருகிறது. அதை நினைக்காதே, உனக்கும் உன் இசை உண்டு என்கிறார். பிறகு அந்த இசையைக் காட்டுகிறார். ஆற்றோரச் செடிகளில் கொசுக்கூட்டம் அழுவதுபோல ரீங்கரிக்கிறது, வளர்ந்துவிட்ட ஆட்டுக்குட்டிகள் கத்துகின்றன, வேலியில் சிள்வண்டு, தோட்டத்தில் ஒரு செம்மார்புக் குருவி. வானத்தில் தகைவிலான்கள் கூட்டம் சேர்ந்து கீச்சிடுகின்றன, குளிர் வருமுன் கிளம்ப.